பின்பாட்டுக்காரிகள்

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தாள் எடுத்துக்கொண்டிருந்தேன். அவரவருக்குப் பிடித்த ஓர் ஆங்கிலப் பாட்டைத் தமிழில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் பாப் மார்லியின் 'நோ வுமன், நோ க்ரை' பாட்டை எடுத்துவந்திருந்தான். தலைப்பை 'பெண் இல்லையேல் கண்ணீர் இல்லை' என்று எழுதியிருந்தான். பையன்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஆட்டோவுக்குப் பின்னால் எழுதலாம் என்று ஒருவன் சொன்னான். பெண்களில் சிலர் சிரித்தார்கள், சிலர் குனிந்துகொண்டார்கள்.

அவனைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. விடுதியில் இருந்த காலத்தில் நானும் அந்தத் தலைப்பை அப்படித்தான் புரிந்துவைத்திருந்தேன். ஊரெல்லாம் கொண்டாடும் ஒரு விடுதலைப் பாடகன் பெண்ணைக் கண்ணீரின் காரணமாகப் பார்க்கிறான் என்று எண்ணி, அந்தப் பாட்டு வந்தால் நிறுத்திவிடுவேன். ஜமைக்கா மக்கள் பேசும் மொழி வேறு, இங்கிலாந்தின் ஆங்கிலம் வேறு என்பது பிறகுதான் தெரிந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் எசமானர்களின் சொற்களை எடுத்துத் தங்கள் வாய்க்கேற்ப உருவாக்கிக்கொண்ட மொழி அது. அதில் அந்த இரண்டாவது 'நோ' என்பது 'வேண்டாம், செய்யாதே' என்னும் ஏவல். அப்படியென்றால் தலைப்பின் பொருள், 'இல்லையம்மா, அழாதே' என்பதுதான். ஒரு பெண்ணைத் தேற்றுகிற சொல்லைப் பெண்ணைப் பழிக்கிற சொல்லாக உலகத்தின் பாதி கேட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த வகுப்பிற்குப் பிறகு அந்தப் பாட்டு எந்த இசைத்தட்டு வழியாக நம்மிடம் வந்தது என்று தேடத் தொடங்கினேன். 'லெஜண்ட்' என்ற பெயரில் 1984 மே மாதம் வெளியான தொகுப்பு அது. மார்லி இறந்து மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வந்தது. உலகெங்கும் 2.5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 800 வாரங்களுக்கு மேல் இருந்திருக்கிறது. பிரிட்டனில் வந்தவுடனே 12 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. ரெகே இசையில் இவ்வளவு விற்ற தட்டு வேறு இல்லை. மார்லியைத் தெரியும் என்று சொல்கிற பெரும்பாலோர் அறிந்திருப்பது இந்த ஒரு தட்டில் உள்ள மார்லியைத்தான்.

தொகுத்தவரும் தொகுப்பித்தவரும்

தமிழ் படித்தவர்களுக்குத் தொகுப்பு என்றால் ஒரு பழக்கம் உண்டு. தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என்று கேட்போம். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அரசன் ஒருவன் சொல்ல, புலவர் ஒருவர் தேர்ந்தார். எது உள்ளே வந்தது என்பதில் தேர்ந்தவரின் சுவையும் தேரச் சொன்னவரின் தேவையும் கலந்திருக்கும். எது வெளியே நின்றது என்பது நமக்குத் தெரியாது. நின்றதே இலக்கியம் என்று படிக்கிறோம்.

'லெஜண்டு'க்கு இந்தக் கேள்வியைக் கேட்க முடிகிறது. வெளியே நின்றவையும் கையில் இருப்பதால் விடையும் கிடைக்கிறது. தொகுப்பித்தது ஐலண்ட் ரெக்கார்ட்ஸ், அதன் உரிமையாளர் கிறிஸ் பிளாக்வெல். தொகுத்தவர் டேவ் ராபின்சன். ஸ்டிஃப் என்ற சிறு இசை நிறுவனத்தை நடத்திவந்த இவரை பிளாக்வெல் தன் நிறுவனத்தின் பிரிட்டன் கிளையை நடத்த அழைத்துவந்திருந்தார். மார்லி உயிரோடு இருந்தபோது அவர் புகழுக்கு ஏற்ப அவருடைய தட்டுகள் விற்கவில்லை என்பது ராபின்சனின் கணிப்பு. வெள்ளையர் வீடுகளுக்குள் மார்லியைக் கொண்டுசேர்ப்பதே தன் நோக்கமாக இருந்தது என்று பின்னாளில் நேர்காணல்களில் அவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அச்சமூட்டாத முகம் வேண்டும். அச்சமூட்டாத பாட்டு வேண்டும். அட்டையில் யோசனையில் ஆழ்ந்த சாந்தமான மார்லி.

முதல் பதிப்பில் 14 பாடல்கள். அவற்றில் ஐந்து, 1977இல் வந்த 'எக்ஸோடஸ்' தட்டிலிருந்து வந்தவை. இரண்டு, காதலும் களிப்பும் நிறைந்த 'காயா'விலிருந்து. 1976இல் வந்த 'ரஸ்தமன் வைப்ரேஷன்' தட்டிலிருந்து ஒன்றுகூட இல்லை. ஆப்பிரிக்க விடுதலைப் போர்களைப் பாடிய 1979இன் 'சர்வைவல்' தட்டிலிருந்தும் ஒன்று இல்லை. ஜிம்பாப்வே விடுதலை பெற்ற 1980 ஏப்ரலில் அந்த நாட்டு விழாவில் மார்லி போய்ப் பாடினார். அந்த நாட்டின் பெயரைத் தாங்கிய பாட்டு 'லெஜண்டில்' இல்லை. கோபத்தை முழுக்க வழித்தெடுத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 'கெட் அப், ஸ்டாண்ட் அப்' இருக்கிறது, 'ரிடெம்ப்ஷன் சாங்' இருக்கிறது. ஆனால் தட்டின் பெரும்பகுதி காதல், ஆறுதல், ஆட்டம்.

இந்த அரசியல் நீக்கத்தைப் பற்றி இசை விமர்சகர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அதிகம் பேசாத இன்னொரு விடுபடல் உண்டு. 'ரஸ்தமன் வைப்ரேஷன்' தட்டில் 'ஜானி வாஸ்' என்று ஒரு பாட்டு. தெருவில் எங்கிருந்தோ வந்த துப்பாக்கிக் குண்டுக்கு மகனைப் பறிகொடுத்த ஒரு தாய் தலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். அதுதான் பாட்டு. 1970களின் கிங்ஸ்டனில் இரண்டு பெரிய கட்சிகளின் ஆயுதக் குழுக்கள் மோதிக்கொண்டபோது அப்படிப் பல தாய்மார்கள் அழுதார்கள். அந்தப் பாட்டின் ஆசிரியராகப் பதிவாகியிருக்கும் பெயர் ரீட்டா மார்லி. தொகுப்புக்கு அது வேண்டியிருக்கவில்லை. 'அழாதே' என்று ஆண் சொல்லும் பாட்டு உள்ளே வந்தது. அழுகிறவள் ஏன் அழுகிறாள் என்று சொல்லும் பாட்டு வெளியே நின்றது.

மூன்று பேர்

'லெஜண்ட்' பாடல்களில் பெரும்பாலானவற்றில் மார்லியின் குரலோடு மூன்று பெண் குரல்கள் சேர்ந்து வருகின்றன. ஐ-த்ரீஸ் என்று பெயர். மார்சியா கிரிஃபித்ஸ், ஜூடி மோவாட், ரீட்டா மார்லி.

இவர்களை எப்படி அழைப்பது என்று தமிழில் எழுதும்போது திகைப்பு வருகிறது. 'பின்னணிப் பாடகி' என்றால் நமக்குத் திரைக்குப் பின்னால் நின்று முழுப் பாட்டையும் பாடுகிறவர், சுசீலாவும் ஜானகியும். சேர்ந்து பாடுகிறவர்களுக்குச் சினிமாவில் 'கோரஸ்' என்று பெயர். பெரும்பாலும் தனிப்பெயர் கிடையாது. மிச்சம் இருப்பது பின்பாட்டு. தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர்கள் அடியை எடுத்துத் திருப்பிப் பாடினால்தான் கூத்தாடி மூச்சு வாங்க முடியும். விடிய விடிய ஆட முடியும். ஆனால் ஊர்ப்பேச்சில் 'அவனுக்குப் பின்பாட்டுப் பாடாதே' என்றால் சொந்தப் புத்தி இல்லாமல் தலையாட்டாதே என்று பொருள். உழைப்பின் பெயரே வசையாகிவிட்ட சொல் அது. அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்கிறேன்.

மார்சியா கிரிஃபித்ஸ் கிங்ஸ்டனில் 1949இல் பிறந்தவர். பதின்வயதிலேயே மேடையேறியவர். பாப் ஆண்டியோடு சேர்ந்து அவர் பாடிய 'யங், கிஃப்டட் அண்ட் பிளாக்' 1970இல் பிரிட்டன் பட்டியலின் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. பாப் மார்லிக்குப் பிரிட்டனில் அப்போது அப்படி ஒரு வெற்றி கிடைத்திருக்கவில்லை. ஜூடி மோவாட் 1960களில் கேலெட்ஸ் என்ற பெண்கள் குழுவில் பாடியவர், பாடல் எழுதுகிறவர். ரீட்டா கியூபாவில் சாந்தியாகோ நகரில் 1946இல் பிறந்து, கிங்ஸ்டனின் ட்ரெஞ்ச்டவுன் சேரியில் அத்தை வீட்டில் வளர்ந்தவர். மார்லியைச் சந்திக்கும்போது கையில் ஒரு பெண்குழந்தை. சோலெட்ஸ் என்று ஒரு பாடகர் குழு. 'யாரோ ஒருவரின் மனைவி பாடவும் செய்தார்' என்று இவரை நினைப்பது தவறு. இருவரும் ஒரே ஸ்டூடியோவில் பாடிக்கொண்டிருந்தவர்கள்.

1974இல் கிங்ஸ்டனில் ஹவுஸ் ஆஃப் சென் என்ற இடத்தில் மார்சியாவுக்குக் கச்சேரி. கூடப் பாடுவதற்கு ஜூடியையும் ரீட்டாவையும் அவர் அழைத்தார். மூன்று குரல்களும் பொருந்திப்போயின. அந்த மூவர் அணி அங்கே பிறந்தது. அதாவது ஐ-த்ரீஸ் மார்லி உண்டாக்கிய குழு அல்ல. ஒரு பெண் தன் மேடைக்கு இரண்டு தோழிகளை அழைத்ததில் உண்டானது. பீட்டர் டோஷும் பன்னி வெய்லரும் வெய்லர்ஸ் குழுவை விட்டு விலகிய நேரம் அது. மூன்று ஆண் குரல்களின் இணைவாக இருந்த குழுவில் இரண்டு குரல்கள் போய்விட்டன. அந்த வெற்றிடத்தைத்தான் மூன்று பெண்கள் நிரப்பினார்கள். 1974க்குப் பிந்தைய மார்லியின் ஒலி நம் காதுக்கு வேறாகத் தெரிவதற்கு அவர்கள் ஒரு முக்கியக் காரணம்.

பெயரையும் கவனிக்க வேண்டும். ரஸ்தஃபாரி நெறியினர் தங்களைச் செயப்படுபொருளாகச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். எப்போதும் எழுவாயாகிய 'ஐ'. நாம் என்பதற்கு 'நானும் நானும்' என்பார்கள். கேட்கிறவரையும் கடவுளையும் உள்ளடக்கிய அந்தச் சொல்லுக்கு நம்முடைய 'நாம்' நெருக்கமானது, 'நாங்கள்' ஆகாது. ஆக, ஐ-த்ரீஸ் என்றால் மூன்று 'நான்'கள். பின்னால் நின்று பாடியவர்கள் தங்கள் பெயரிலேயே தன்மை இடத்தை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நெறி அவர்களுக்கு என்ன தந்தது என்பது சிக்கலான கேள்வி. எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி 1966 ஏப்ரல் 21 அன்று கிங்ஸ்டன் வந்தார். மார்லி அப்போது அமெரிக்காவில் டெலவேரில் தாய் வீட்டில் தங்கிக் கூலிவேலை பார்த்துக்கொண்டிருந்தார்; பிப்ரவரியில் திருமணம் முடித்த சில நாட்களில் போயிருந்தார். மழையில் நின்ற கூட்டத்தில் ரீட்டா இருந்தார். பேரரசர் கையசைத்தபோது உள்ளங்கையில் ஆணித்தழும்பைக் கண்டதாகப் பின்னர் அவர் எழுதினார். அதைக் கணவருக்குக் கடிதத்தில் தெரிவித்தவரும் அவர்தான். உலகமே மார்லியோடு சேர்த்து நினைக்கும் அந்த நம்பிக்கைக்குள் அவர் வீட்டில் முதலில் நுழைந்தது மனைவி.

அதே நெறியின் கட்டுப்பாடான பிரிவுகளில் மாதவிலக்கான பெண் சமைக்கக் கூடாது, ஒதுங்கியிருக்க வேண்டும். பெண் தலையை மூட வேண்டும். விவாதக் கூட்டங்களில் ஆண்களே பேசுவார்கள். பெண்ணை 'அரசி' என்று அழைத்துக்கொண்டே இதெல்லாம் நடந்தது. மோரீன் ரோ என்ற ரஸ்தஃபாரிப் பெண்மணி 1980இல் எழுதிய கட்டுரையில் இந்த முரணை உள்ளிருந்தே பேசினார். வெள்ளையரின் அதிகாரத்துக்கு எதிராக எழுந்த ஓர் இயக்கம் வீட்டுக்குள் இருந்த அதிகாரத்தைத் தொடாமல் விட்டது. நமக்கு இது புதிய கதை இல்லை.

குண்டும் கட்டும்

1976 டிசம்பர் 3. இன்னும் இரண்டு நாளில் கிங்ஸ்டனில் 'ஸ்மைல் ஜமைக்கா' என்னும் இலவசக் கச்சேரி. தேர்தல் நேரம். ஹோப் சாலை 56ஆம் எண் வீட்டுக்குள் துப்பாக்கிகளோடு ஆட்கள் நுழைந்தார்கள். மார்லிக்கு மார்பிலும் கையிலும் காயம். வீட்டு வளாகத்தில் காரில் இருந்த ரீட்டாவின் தலையில் குண்டு பாய்ந்தது. அது மண்டையோட்டுக்கும் தோலுக்கும் இடையே தங்கியதால் உயிர் பிழைத்தார். டிசம்பர் 5 அன்று மார்லி மேடையேறினார். சுட்ட இரண்டாம் நாளே பாடவந்த மாவீரன் என்று அந்த இரவைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. அதே மேடையில் தலையில் கட்டோடு, மருத்துவமனை உடையில் நின்று பாடிய பெண் அந்தப் பக்கங்களில் பெரும்பாலும் ஒரு வரிதான்.

அதன் பிறகு மார்லி லண்டன் போனார். அங்கே பதிவானதுதான் 'எக்ஸோடஸ்'. அந்தத் தட்டில் 'வெயிட்டிங் இன் வெய்ன்' என்று ஒரு காதல் பாட்டு, 'லெஜண்டிலும்' இருக்கிறது. அது 1976இன் உலக அழகி சிண்டி பிரேக்ஸ்பியரை நினைத்து எழுதியது என்று பரவலாகச் சொல்வார்கள். கணவர் இன்னொரு பெண்ணுக்காக எழுதியதாக ஊரே பேசிய காலத்தில் ரீட்டா அவருடைய பின்பாட்டுக் குழுவில் நின்றார். அவருக்கு மனம் எப்படி இருந்தது என்று நாம் கற்பனை செய்யத் தேவையில்லை. கணவரின் பிற உறவுகளையும் அந்த உறவுகளில் பிறந்த பிள்ளைகளில் சிலரைத் தானே வளர்த்ததையும் 2004இல் வந்த தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அந்த நூலுக்கு அவர் வைத்த பெயர், 'நோ வுமன், நோ க்ரை'.

ரீட்டாவைப் பாவம் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. அவர் அதற்கு இடம் தரமாட்டார். அவருக்குச் சம்பளமான வேலை இது, சொந்த மேடை இது, நம்பிக்கை இது. மூன்றையும் ஒரே ஆள் பெயரில் எழுதிவைத்திருந்தார்கள் என்பதுதான் சிக்கல்.

ஜூடி மோவாட் வேறு வழி எடுத்தார். மார்லி உயிரோடு இருந்தபோதே, 1970களின் முடிவில், 'பிளாக் வுமன்' என்ற தன் தட்டைத் தானே தயாரித்து வெளியிட்டார். அடிமை ஏலச்சந்தையிலிருந்து இன்றுவரை கறுப்பினப் பெண் நடந்துவந்த வழியை அவளை விளித்தே பேசும் பாட்டு அது. ரெகேயில் பெண் ஒருத்தி பாடலாசிரியராகவும் பாடகியாகவும் தயாரிப்பாளராகவும் நின்ற தொடக்கத் தட்டுகளில் ஒன்று. பின்னர் ரெகேக்கான கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் பெண்ணும் அவரே. 'லெஜண்ட்' கேட்டவர்களில் எத்தனை பேர் 'பிளாக் வுமன்' கேட்டிருப்பார்கள்? அவர் குரலை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். யார் குரல் என்று தெரியாமல் கேட்டிருக்கிறார்கள்.

எழுதியவர் யார்

'நோ வுமன், நோ க்ரை' பாட்டின் ஆசிரியராகப் பதிவாகியிருப்பவர் மார்லி அல்லர், வின்சென்ட் ஃபோர்டு. ட்ரெஞ்ச்டவுனில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றும் சமையற்கூடம் நடத்தியவர். நீரிழிவு நோயால் கால்களை இழந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். இளம் மார்லி பசியாறிய இடம் அவருடைய வளவு. பழைய பதிப்பாளரோடு மார்லிக்கு இருந்த ஒப்பந்தத்தின் பிடியிலிருந்து தப்ப, அந்தக் காலத்துப் பாடல்கள் சிலவற்றை நண்பர்கள் பெயரிலும் மனைவி பெயரிலும் அவர் எழுதிவைத்தார் என்று அந்தப் பதிப்பாளர் தரப்பு வாதிட்டது. அந்த வழக்கு வேறு வேறு வடிவங்களில் 2014இல் லண்டன் உயர்நீதிமன்றம் வரை போய் அந்தத் தரப்புக்கு எதிராகவே முடிந்தது. ஃபோர்டு 2008இல் இறந்தார்.

பசித்தவனுக்குச் சோறு போட்டவனுக்குப் பாட்டின் உரிமை போய்ச் சேர்ந்தது அழகான செய்தி. நான் அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பாட்டுக்கு உரியவர் யார் என்ற கேள்விக்குச் சட்டம் எப்படி விடை சொல்கிறது என்று பாருங்கள். சொல்லும் மெட்டும் எழுதியவருக்குப் பாட்டு சொந்தம். பாஸ் கிடாரில் பாட்டின் முதுகெலும்பையே அமைத்தவர் ஆஸ்டன் பாரெட். தனக்கும் தன் தம்பிக்கும் சேரவேண்டிய ராயல்டி கேட்டு லண்டனில் வழக்குப் போட்டு 2006இல் தோற்றார். இசைக்குழுவின் ஆண்களுக்கே இந்த நிலை என்றால், இணைகுரல் அமைத்த பெண்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? எந்த இடத்தில் புக வேண்டும், எங்கே விலக வேண்டும், எந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இசையாக்கம்தான். பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை. வீட்டுவேலைக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இடம் இல்லாததுபோல.

ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 'குட் யூ பி லவ்ட்' பாட்டின் நடுவே மார்லி ஒதுங்கிக்கொள்கிறார். மூன்று பெண்கள் மட்டும் ஒரு பத்தியைப் பாடுகிறார்கள். வாழ்க்கைப் பாதை கரடுமுரடானது, பிறரைக் குற்றம் சொல்பவனுக்கும் கால் இடறும் என்ற கருத்து. 1962இல் பதினேழு வயதில் மார்லி பதிவுசெய்த முதல் பாட்டின் சாரம் அது. தன் தொடக்கத்தை, வாழ்வின் இறுதி ஆண்டில், பெண்களின் வாயில் கொடுத்துவிட்டு அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். தொகுப்பின் அட்டைக்குத்தான் தெரியவில்லை.

கணக்கு

மார்லி 1981 மே 11 அன்று மயாமியில் இறந்தார். வயது 36. உயில் எழுதவில்லை. அவருடைய பிள்ளைகளாகச் சட்டம் ஏற்றுக்கொண்டவர்கள் 11 பேர், தாய்மார்கள் பலர். ஜமைக்காவின் அன்றைய சட்டப்படி உயில் இல்லாத சொத்தில் விதவைக்கு முழு உரிமையாகக் கிடைப்பது சிறு பங்குதான். மீதியில் ஒரு பகுதியை அவர் உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம். 'லெஜண்ட்' விற்க விற்க அந்தச் சொத்து பெருகிக்கொண்டே போனது. பதினைந்து ஆண்டு உழைத்த மனைவி, சட்டத்தின் கண்ணில், சொத்தைப் பராமரிக்கும் ஒரு காப்பாளர்.

முன்தேதியிட்ட ஆவணங்களில் கணவரின் கையெழுத்தைத் தானே இட்டதாக ரீட்டா பின்னர் ஒப்புக்கொண்டார். ஆலோசகர்கள் சொல்லிச் செய்ததாகச் சொன்னார். நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்து, 1990களின் தொடக்கத்தில்தான் சொத்து குடும்பத்தின் கைக்கு வந்து நின்றது. செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது என் கண்முன் வந்தது, தங்கள் நிலத்துக்குத் தங்கள் பெயரில் பட்டா இல்லாமல் அலையும் நம்மூர்ப் பெண்கள்தான். கணவன் கையெழுத்து இல்லாமல் எதுவும் நடக்காது என்ற ஏற்பாட்டை யாரும் குற்றம் என்பதில்லை. அந்தக் கையெழுத்தை அவள் போட்டால்தான் அது குற்றமாகிறது.

இதே ஆண்டுகளில் கிங்ஸ்டனில் இன்னொரு தொகுப்பும் உருவானது. மைக்கேல் மான்லி அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் தெருக்கூட்டும் வேலை பார்த்த பெண்கள் சிலர் 1977இல் 'சிஸ்ட்ரன்' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். தங்கள் வாழ்க்கையைத் தங்கள் பேச்சுமொழியில் நாடகமாக்கினார்கள். அந்த வாழ்க்கைக் கதைகள் 1986இல் 'லயன்ஹார்ட் கேல்' என்ற நூலாக வந்தன. பதின்வயதுத் தாய்மை, அடி, பசி, சர்க்கரை ஆலை வேலை, விட்டுப்போன ஆண்கள். ட்ரெஞ்ச்டவுன் போன்ற வளவுகளில் அடுப்பு மூட்டிச் சோளமாவுக் கஞ்சி காய்ச்சிய இரவுகளை மார்லியின் பாட்டு ஏக்கத்தோடு நினைத்துப்பார்க்கிறது. கஞ்சி காய்ச்சிய கைகள் சொன்னதை 'லயன்ஹார்ட் கேல்' சொல்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அந்த வளவு முழுசாகத் தெரியும்.

மறுபடி கேட்பது

'லெஜண்டை'த் தூக்கி எறியச் சொல்லி இதை எழுதவில்லை. எனக்கு அந்தத் தட்டு இப்போது முன்னைவிடப் பிடிக்கிறது. தொகுப்பு என்பது தேர்வு, தேர்வு என்பது அதிகாரம் என்று தெரிந்துகொண்டு கேட்கிறேன். நாமும் தொகுப்புகள் போடுகிறோம், பாடத்திட்டம் வகுக்கிறோம், கவிதைத் தொகுதிகளில் யார் பெயர் வரவேண்டும் என்று பட்டியல் எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன். வெளியே நின்றவர்களின் பெயர்கள் அந்தப் பட்டியலை எழுதிய தாளின் பின்பக்கத்தில்கூட இருக்காது.

அடுத்த வாரம் அந்த வகுப்புக்குச் சிறிய ஒலிபெருக்கியைக் கொண்டுபோனேன். 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கில் பதிவான 'நோ வுமன், நோ க்ரை'. 'லெஜண்டில்' இருப்பது அந்தப் பதிவுதான். மார்லியை விட்டுவிட்டு மற்ற குரல்களை மட்டும் கவனியுங்கள் என்றேன். முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. இரண்டாம் முறை போட்டபோது கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி கையைத் தூக்கினாள்.

"மேடம், 'அழாதே'ன்னு சொல்றதும் பொண்ணுங்கதானே?"

ஆமாம் என்றேன். அவர் அந்தப் பெண்ணுக்குச் சொல்கிறார். கூடவே பெண்களும் அந்தப் பெண்ணுக்குச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருத்தி, ஒருவேளை, தனக்கே சொல்லிக்கொள்கிறாள். நம் ஊரில் இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கும்போது ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தோளில் கைபோட்டுச் சேர்ந்துகொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும் என்று சொன்னேன். சிலர் தலையசைத்தார்கள்.

தலைப்பைத் தவறாக மொழிபெயர்த்த மாணவன் வகுப்பு முடிந்ததும் தன் தாளைத் திரும்பக் கேட்டான். பழைய தலைப்பை அடித்துவிட்டு 'அழாதேம்மா' என்று எழுதினான். பாடியவர்கள் என்ற இடத்தில் பாப் மார்லி என்று மட்டும் இருந்தது. பேனாவை மூடாமல் நின்று, "அந்த மூணு பேர் பேரு என்ன மேடம்?" என்று கேட்டான். சொன்னேன். எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டான்.